மூன்று சிப்பாய்கள், மூன்று வழிகள்: முதல் மினியேச்சருக்கு எப்படி வண்ணம் பூசுவது?

அக்கா மகள் காட்பாடியில் பொறியியல் படிக்கிறாள். விடுதித் தோழிகளோடு டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கற்பனைக் கதை விளையாட்டை விளையாட ஆரம்பித்து ஆறு மாதம் ஆகிறது. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு ஒரு ஷூ டப்பாவோடு வந்தாள். உள்ளே அந்த விளையாட்டுக்கான மினியேச்சர்கள், அதாவது சின்னஞ்சிறு உருவங்கள்: நான்கு வீரர்கள், பத்து எலும்புக்கூடுகள். எல்லாம் வண்ணம் பூசாத சாம்பல் நிற பிளாஸ்டிக்.

"மாமா, ஒரு வீடியோல வாஷ் போடுன்றாங்க, இன்னொண்ணுல கான்ட்ராஸ்ட் வாங்குன்றாங்க, வேற ஒருத்தர் லேயர் லேயரா பூசினாத்தான் அழகுன்றார். நான் எதுல ஆரம்பிக்கிறது?"

இந்தக் கேள்விக்கான பதில் என் அலமாரியிலேயே நின்றுகொண்டிருந்தது. நான் மினியேச்சர் பூச வந்த புதிதில் இதே குழப்பம் எனக்கும் இருந்தது. அப்போது ஒரே அச்சில் வார்த்த மூன்று சிப்பாய்களை வாங்கி, மூன்று வழியிலும் பூசிப் பார்த்தேன். 28 மில்லிமீட்டர் அளவு, உலோக வார்ப்பு. 1800களின் தொடக்கத்தில் இருந்த சென்னை ராணுவச் சிப்பாய்: சிவப்புக் கோட்டு, மார்பின் குறுக்கே வெள்ளை வார்கள், வெள்ளை அரைக்கால் சட்டை, கையில் துப்பாக்கி. 1806 ஜூலை 10 அன்று விடியும் முன்பே வேலூர்க் கோட்டைக்குள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தவர்கள் இவர்கள்தான். நெற்றியில் சமயக் குறி கூடாது, தாடி கூடாது, தோல் வைத்த புதுத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று வந்த உத்தரவுதான் அதற்கு முக்கியமான காரணம். சிப்பாயின் தலையில் என்ன இருந்தது என்பது எங்கள் ஊரில் சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் முதல் உருவமாக அவனைத் தேர்ந்தெடுத்தேன்.

மூவரையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். அவள் குனிந்து பார்த்து, "மூணாவதுதான் சூப்பர்" என்றாள். உண்மைதான். ஆனால் அவளுக்கு நான் சொன்ன பதில் வேறு: வீரர்களுக்கு முதல் வழியான வாஷ், எலும்புக்கூடுகளுக்கு இரண்டாவது வழியான கான்ட்ராஸ்ட், மூன்றாவதான லேயருக்கு இப்போது அவசரமில்லை. ஏன் என்று அன்றைக்கு அவளிடம் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

எந்த வழியானாலும் முதலில் பிரைமர்

எங்கள் அம்மா கொலு பொம்மைகளுக்குத் தானே வண்ணம் பூசுவார். நிறம் உதிர்ந்த செட்டியார் பொம்மையைச் சுத்தம் செய்து, முதலில் முழுக்க வெள்ளை அடித்து, அது காய்ந்த பிறகுதான் வண்ணத்தைத் தொடுவார். "அடி வெள்ளை இல்லாம எந்தக் கலரும் நிக்காதுடா" என்பார். மினியேச்சருக்கு பிரைமர் செய்வதும் இதே வேலைதான். வழவழப்பான பிளாஸ்டிக்கிலும் உலோகத்திலும் அக்ரிலிக் பெயின்ட் நேரடியாகப் பிடிக்காது. நகம் பட்டால் உரிந்து வந்துவிடும்.

பிரைமருக்கு முன்னால் இரண்டு சின்ன வேலைகள். வார்க்கும்போது அச்சின் இரண்டு பாதிகளும் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு விழும். மோல்டு லைன் என்பார்கள். கத்தியின் முதுகால் அதை மெதுவாகச் சுரண்டி எடுக்க வேண்டும். அப்புறம் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுப் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். அச்சிலிருந்து ஒட்டிவந்த எண்ணெய்ப் பசை அப்போதுதான் போகும்.

பிரைமரை ஸ்பிரே கேனில் அடிப்பதா, தூரிகையால் பூசுவதா என்பது அடுத்த கேள்வி. எந்த நாட்டு வழிகாட்டியைப் பார்த்தாலும் ஸ்பிரே என்றுதான் இருக்கும். ஐந்து நிமிடத்தில் பத்து உருவம் முடிந்துவிடும், பூச்சும் சீராக இருக்கும். ஆனால் அந்த வழிகாட்டிகளை எழுதியவர்கள் கத்திரி வெயிலைப் பார்த்தவர்கள் இல்லை. நான் முதல் தடவை மே மாதம் பகல் பன்னிரண்டு மணிக்கு மொட்டை மாடியில் வைத்து அடித்தேன். கேனிலிருந்து கிளம்பிய துளிகள் உருவத்தில் படுவதற்கு முன்பே காற்றில் பாதி காய்ந்துவிட்டன. ஈரமாக விழ வேண்டியது தூளாக விழுந்தது. தொட்டால் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. சிப்பாயின் முகத்தில் மூக்கு எது, வாய் எது என்று தெரியவில்லை.

அதைக் கழற்ற டெட்டால் உதவியது. ஒரு கண்ணாடி பாட்டிலில் தண்ணீர் கலக்காத டெட்டாலை ஊற்றி, உருவத்தை ஒரு நாள் ஊறப்போட்டு, கையுறை போட்டுக்கொண்டு பழைய பல்துலக்கியால் தேய்த்தால் அக்ரிலிக் கழன்று வரும். ஒரு எச்சரிக்கை: தேய்த்து முடியும்வரை தண்ணீரில் காட்டக் கூடாது. பெயின்ட் கலந்த டெட்டாலில் தண்ணீர் பட்டால் தார் மாதிரி பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். முதலில் டெட்டாலிலேயே அலசி, துணியால் துடைத்துவிட்டு, பிறகுதான் சோப்புத் தண்ணீர்.

ஆகவே வேலூரில் ஸ்பிரே அடிப்பதாக இருந்தால் நேரம் பார்த்து அடிக்க வேண்டும். கோடையில் காலை ஆறரைக்குள், இல்லை சூரியன் இறங்கிய பிறகு. கேனை நன்றாகக் குலுக்கி, 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்து, விட்டு விட்டு அடிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இதற்கு நேர்மாறான தொல்லை: காற்றில் ஈரம் மிகுந்து, பூச்சின் மேல் வெண்புகை படர்ந்த மாதிரி ஆகிவிடும். மார்கழிப் பனியிலும் அப்படித்தான். முகமூடி எல்லாக் காலத்திலும் வேண்டும். இன்னொரு விஷயம், ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்பிரே பெயின்ட் விலை குறைவு, ஆனால் தடிப்பாக விழும். பட்டன், விரல் போன்ற நுணுக்கங்களை அடைத்துவிடலாம். அதை வாங்கினால் உருவங்களை வெட்டி எடுத்த பிறகு மிஞ்சும் பிளாஸ்டிக் சட்டத்தில் முதலில் அடித்துப் பாருங்கள்.

நான்கு உருவம் மட்டும் இருப்பவருக்கு என் ஆலோசனை தூரிகையால் பூசும் பிரைமர்தான். வெயில், மழை, மாடி எதுவும் தேவையில்லை. மெல்லியதாக இரண்டு தடவை பூசி, ஓர் இரவு விட்டால் கெட்டியாகிவிடும். பத்து, இருபது என்று சேரும்போது ஸ்பிரேக்குப் போகலாம்.

நிறம்? கறுப்பு அடித்தால் தூரிகை எட்டாத பள்ளங்கள் தானாகவே நிழலாகிவிடும், ஆனால் சிவப்பும் மஞ்சளும் அதன்மேல் ஏறவே ஏறாது. வெள்ளை அடித்தால் நிறங்கள் பளிச்சென்று வரும், விட்டுப்போன இடமும் பளிச்சென்று தெரியும். ஆரம்பத்தில் சாம்பல் நிறம் நல்லது.

முதல் சிப்பாய்: பேஸ், வாஷ், டிரை பிரஷ்

இந்த வழி ஏன் வேலை செய்கிறது என்பதைக் கோட்டைக்குள் போனால் கண்ணால் பார்க்கலாம். ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களில் குதிரை வீரர்களும் யாளிகளும் இருக்கிறார்கள். யாளியின் பல்லிடுக்கு, குதிரையின் சேணத்து மடிப்பு, இங்கெல்லாம் நூற்றாண்டுகளின் புழுதியும் பிசுக்கும் இறங்கிக் கறுத்திருக்கிறது. விளிம்புகள் மட்டும் வெளுத்துத் தெரிகின்றன. பள்ளம் கறுப்பு, மேடு வெளுப்பு. இந்த வித்தியாசம் இருப்பதால்தான் பத்தடி தள்ளி நின்றாலும் குதிரை குதிரையாகத் தெரிகிறது. கல் பெரியது, அதன் நிழலை வெயிலே போட்டுக்கொடுக்கும். நம் சிப்பாய் கட்டைவிரலில் பாதி உயரம். அவனுக்கு நிழலையும் வெளிச்சத்தையும் நாம்தான் பூச வேண்டும்.

முதலில் பேஸ் கோட்: கோட்டுக்குச் சிவப்பு, வாருக்கு வெள்ளை, துப்பாக்கிக் கட்டைக்குப் பழுப்பு என்று ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நிறம். புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு, பாட்டிலிலிருந்து எடுத்த பெயின்ட்டை அப்படியே பூசுவது. தண்ணீர் சேர்த்துப் பால் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதல் தடவை பூசும்போது அடியில் இருக்கும் சாம்பல் தெரியத்தான் செய்யும், பயப்பட வேண்டாம். காய்ந்ததும் இரண்டாவது தடவை பூசினால் மூடிவிடும். சிவப்புக்கு மட்டும் மூன்று தடவை ஆகலாம், அதன் சுபாவம் அது. அடியில் செம்பழுப்பு ஒரு கை பூசிவிட்டால் இரண்டிலேயே முடியும்.

அடுத்து வாஷ். இது நீர்த்த, கரும்பழுப்பு அல்லது கறுப்புத் திரவம். உருவம் முழுக்கத் தடவினால் தானே ஓடிப் பள்ளத்தில் தங்கும். தலைப்பாகையின் மடிப்புகள், விரல்களின் இடுக்கு, வாரின் ஓரம் எல்லாம் ஒரு நொடியில் உயிர் பெறும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. ஒரே ஒரு கவனம் வேண்டும்: தாடைக்குக் கீழே, கோட்டின் ஓரத்தில் சொட்டாகத் தேங்கும். அப்படியே விட்டால் காய்ந்து வட்டக் கறையாகிவிடும். சுத்தமான தூரிகையை லேசாக நனைத்து, அந்தச் சொட்டின்மேல் வைத்தால் உறிஞ்சிக்கொள்ளும். நம் வெயிலில் இதற்கு ஒரு நிமிடம்தான் அவகாசம். முழு உருவத்துக்கும் ஒரேயடியாகப் போடாமல் கோட்டு, கால்சட்டை, முகம் என்று பகுதி பகுதியாகப் போடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

வீட்டிலேயே வாஷ் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் தண்ணீரை மட்டும் சேர்த்தால் திட்டுத் திட்டாகக் காயும். மேட் மீடியம் என்று, பளபளப்பில்லாமல் காயும் நிறமற்ற திரவம் ஒன்றை அக்ரிலிக் ஓவியர்கள் வாங்குவது உண்டு. அதில் கொஞ்சம், தண்ணீர் கொஞ்சம், பழுப்பு ஒரு சொட்டு, பாத்திர சோப்பு குச்சி நுனியளவு. இந்தக் கலவை கைகொடுக்கும்.

கடைசியாக டிரை பிரஷ். பேஸ் நிறத்தைவிட வெளிறிய பெயின்ட்டைத் தண்ணீர் சேர்க்காமல் தூரிகையில் எடுத்து, டிஷ்யூவில் துடைத்து, துடைத்து, இனி எதுவும் மிச்சமில்லை என்று தோன்றும்வரை துடைக்க வேண்டும். சரியான பதம் வந்ததா என்று பார்க்க என் வழி இது: இடது கட்டைவிரலின் மேல் லேசாக ஓட்டுங்கள். விரல் முழுக்க நிறம் ஒட்டினால் இன்னும் துடைக்க வேண்டும். ரேகையின் மேடுகளில் மட்டும் ஒட்டி, நடுவில் இருக்கும் கோடுகள் சுத்தமாக இருந்தால் தயார். ரேகையில் நடந்ததுதான் உருவத்திலும் நடக்கும். துப்பாக்கிக் கட்டையின் விளிம்பு, தலைப்பாகையின் மடிப்பு முகடு, முழங்கை, இவற்றில் மட்டும் வெளிச்சம் ஏறும். இதற்கு நல்ல தூரிகையைப் பயன்படுத்தவே கூடாது, நாசமாகிவிடும். ஃபேன்சி ஸ்டோரில் விற்கும் உருண்டையான மேக்கப் தூரிகை போதும்; சொல்லப்போனால் அதுதான் மிருதுவாக ஏறும்.

எனக்கு இந்தச் சிப்பாய்க்கு ஆனது மூன்று மணி நேரம், காயும் நேரம் சேர்க்காமல். குறையும் இருக்கிறது. கோட்டின் முதுகுப் பக்கம் போல மழமழவென்ற பரப்பில் டிரை பிரஷ் சுண்ணாம்புப் பொடி தூவிய மாதிரி தெரியும். மடிப்பு, ரோமம், கவசம், கல், மரம் இருக்கும் இடத்தில்தான் அது அழகு.

ஆனால் இதன் பெரிய பலம் வேறு. இந்த வழியில் பூசுவது எல்லாம் மூடும் பெயின்ட். கை தவறி வெள்ளை வாரில் சிவப்பு பட்டுவிட்டால், காய்ந்ததும் வெள்ளையைத் தொட்டு மூடிவிட்டுப் போகலாம். முதல் உருவத்தில் தவறு நடக்கத்தான் போகிறது. அதைத் திருத்த இடம் கொடுக்கும் வழியில் ஆரம்பிப்பவர் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகமாட்டார்.

இரண்டாவது சிப்பாய்: கான்ட்ராஸ்ட்

கேம்ஸ் ஒர்க்ஷாப் நிறுவனம் தன் சிட்டடெல் பெயின்ட் வரிசையில் 2019ஆம் ஆண்டு கான்ட்ராஸ்ட் பெயின்ட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பேஸ், நிழல், வெளிச்சம் மூன்றையும் ஒரே பூச்சில் தரும் பெயின்ட் இது. வெளிர் நிற பிரைமரின்மேல் பூசினால் மேட்டில் மெல்லியதாகவும் பள்ளத்தில் அடர்த்தியாகவும் நிற்கும். ஆர்மி பெயின்டர் நிறுவனத்தின் ஸ்பீட்பெயின்ட், வலேஹோ நிறுவனத்தின் எக்ஸ்பிரஸ் கலர் எல்லாம் பின்னால் வந்த இதே இனம். ஸ்பீட்பெயின்ட்டின் முதல் பதிப்பு, காய்ந்த பிறகும் மேலே ஈரம் பட்டால் கரைந்து கலங்கும். 2023இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள். பழைய பாட்டில் யாராவது மலிவாகக் கொடுத்தால் எந்தப் பதிப்பு என்று பார்த்து வாங்குங்கள்.

இரண்டாவது சிப்பாய் ஐம்பது நிமிடத்தில் முடிந்துவிட்டான். தலைப்பாகையும் முகமும் மிக நன்றாக வந்தன. கோட்டின் முதுகில்தான் சிக்கல். சமதளப் பரப்பில் இந்தப் பெயின்ட்டுக்கு ஓட பள்ளம் கிடையாது, அதனால் நடுவில் வெளுத்து ஓரத்தில் தேங்கியது. அதைச் சரிசெய்யலாம் என்று பாதி காய்ந்த நிலையில் மறுபடி தூரிகையை ஓட்டினேன். தோல் உரிந்த மாதிரி கிழிந்து வந்தது. குளிர்ந்த ஊரில் சரிசெய்ய இரண்டு மூன்று நிமிடம் கிடைக்கலாம். எங்கள் ஊரில், ஏப்ரல் மாதத்தில், வைத்த தூரிகையை எடுப்பதற்குள் ஓரம் காய்ந்துவிடுகிறது. அதற்கென்று விற்கும் மீடியத்தில் ஒரு சொட்டுக் கலந்தால் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

இன்னொன்று, இது ஒளி ஊடுருவும் பெயின்ட். சிவப்பு வழிந்து வெள்ளை வாரில் பட்டால் மேலே வேறு கான்ட்ராஸ்ட் பூசி மறைக்க முடியாது. அந்த இடத்தை மறுபடி வெள்ளையாக்கி, காயவிட்டு, முதலிலிருந்து பூச வேண்டும். அதாவது, எளிதான வழி என்று சொல்லப்படும் இதில்தான் கை சுத்தம் அதிகம் தேவை. இதைத்தான் வீடியோக்கள் சொல்ல மறந்துவிடுகின்றன.

இதன் தம்பி ஒருவன் உண்டு, ஸ்லாப் சாப் என்று பெயர். கறுப்பு பிரைமர் அடித்து, அதன்மேல் சாம்பலை டிரை பிரஷ் செய்து, பிறகு முகடுகளில் வெள்ளையை டிரை பிரஷ் செய்து, இந்தக் கறுப்பு வெள்ளை உருவத்தின்மேல் கான்ட்ராஸ்ட் பூசுவது. நிழல் ஏற்கெனவே அடியில் இருப்பதால் சமதளத்தின் திட்டு அவ்வளவு உறுத்தாது. நிறம் மட்டும் ஒரு படி மங்கும். பெரிய படை சேர்ப்பவர்கள் பலர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

எலும்புக்கூட்டுக்கு கான்ட்ராஸ்ட் என்று நான் சொன்னதன் காரணம் இப்போது புரிந்திருக்கும். எலும்புக்கூட்டில் சமதளமே கிடையாது. விலா எலும்பு, முதுகுத்தண்டு, கண் குழி, பல்வரிசை, எல்லாம் மேடும் பள்ளமும்தான். நிறமும் ஒன்றே. வெளிர் பிரைமரின்மேல் எலும்பு நிற கான்ட்ராஸ்ட் ஒரே பூச்சு, காய்ந்ததும் வாளுக்கு மட்டும் உலோக நிறம். பத்து உருவத்தையும் ஒரே மாலையில் முடித்துவிடலாம்.

மூன்றாவது சிப்பாய்: லேயரிங்

அவளுக்குப் பிடித்த சிப்பாய் இவன். பேஸும் வாஷும் போட்ட பிறகு, பேஸ் நிறத்தையே மறுபடி எடுத்துப் பள்ளத்தை விட்டுவிட்டு மேட்டில் பூசி, அதில் கொஞ்சம் வெளிறிய நிறம் சேர்த்து இன்னும் சின்னப் பரப்பில் பூசி, இப்படி நான்கைந்து படி ஏறி, கடைசியில் விளிம்பில் முடி கனத்துக்கு ஒரு கோடு. சுத்தமாக இருக்கும், நிறம் ஆழமாக இருக்கும். எனக்கு மூன்று மாலைகள் பிடித்தன. அதுவும் முதல் இரண்டு சிப்பாய்களில் கை பழகிய பிறகு.

இதைத் தனி வழியாக நினைப்பதைவிட முதல் வழியின் அடுத்த படியாக நினைப்பது சரி. வாஷ் போட்ட உருவத்தில், முகத்துக்கும் தலைப்பாகைக்கும் மட்டும் ஒரே ஒரு லேயர் ஏற்றிப் பாருங்கள். பார்ப்பவர் கண் முதலில் போவது அங்கேதான். மற்ற இடங்களை வாஷோடு விட்டாலும் உருவம் முழுமையாகத் தெரியும்.

உள்ளூரில் கிடைப்பது, வெளியிலிருந்து வாங்குவது

மினியேச்சருக்கென்றே செய்யும் ஹாபி பெயின்ட் பாட்டில் ஒன்றின் விலைக்கு ஸ்டேஷனரி கடையில் கேமல், ஃபெவிக்ரில் பாட்டில்கள் பல வாங்கலாம். அவை போதாதா என்று அவளும் கேட்டாள். ஓவியத்துக்கும் துணிக்கும் செய்த பெயின்ட்டில் நிறப்பொடி சற்றுப் பருமனாக இருக்கும். சுவர் அளவு பரப்பில் அது தெரியாது, சிப்பாயின் கன்னத்தில் தெரியும். மெல்லியதாக்கினால் சில நிறங்கள் மூடாது. அதனால் நான் பிரித்துக்கொள்கிறேன்: அடித்தளம், பாறை, மரம், டிரை பிரஷ் வேலைகளுக்கு உள்ளூர் பெயின்ட். கறுப்பும் பழுப்பும் உள்ளூரிலேயே நன்றாக இருக்கின்றன. வெள்ளை, சிவப்பு, மஞ்சள், தோல் நிறம், ஒரு வெள்ளி உலோக நிறம், ஒரு பழுப்பு வாஷ், இந்த ஆறும் ஹாபி பெயின்ட். ஐம்பது பாட்டில் பெட்டியை வாங்கவே வேண்டாம். பாதி திறக்காமலே காய்ந்துபோகும்.

தூரிகையில் எல்லாரும் முதலில் பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் போட்ட குட்டித் தூரிகையைத் தேடுவார்கள். அதில் நிற்கும் துளி நம் வெயிலில் உருவத்தைத் தொடும் முன்பே காய்ந்துவிடும். 1 அல்லது 2 எண், வயிறு பருத்து நுனி கூர்மையாக இருக்கும் தூரிகைதான் சரி. நுனி கூர்மையாக இருந்தால் 2 எண் தூரிகையாலேயே கண் வரையலாம். செயற்கை இழைத் தூரிகையில் ஆரம்பியுங்கள், நுனி கொக்கி போல வளைந்ததும் வேறு வாங்கிக்கொள்ளலாம். உரோமத் தூரிகைக்குப் பணம் செலவிடுவது, தகரக் கழுத்துவரை பெயின்ட் ஏறாமல் பூசக் கை பழகிய பிறகு. நுனியைக் கூராக்க வாயில் வைப்பது சிலர் பழக்கம். வேண்டாம், சில நிறப்பொடிகள் உடம்புக்கு ஆகாது.

வேலூரில் பூசுபவருக்குத் தூரிகையைவிட முக்கியமானது வெட் பேலட். தட்டில் வைத்த பெயின்ட் மே மாதத்தில் மூன்று நிமிடம்கூட நிற்காது. என் பேலட், ஆற்காடு மக்கன் பேடா வந்த பிளாஸ்டிக் டப்பா. அடியில் பாத்திரம் தேய்க்கும் தட்டையான ஸ்பான்ஜ், அது நனையத் தண்ணீர், மேலே கேக் செய்பவர்கள் தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள். தாள் வழியாக ஈரம் கசிந்து பெயின்ட்டை ஈரமாகவே வைத்திருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் அதே சிவப்பு தயாராக இருக்கும். நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றாவிட்டால் பூஞ்சை பிடித்து நாறும்.

தோலும் கண்ணும்

தொடக்கப் பெட்டிகளில் தோல் நிறம் என்று வருவது வெளிர் இளஞ்சிவப்பு. நம் சிப்பாய்க்கு அது பொருந்தாது. செம்பழுப்போடு காவி கலந்து பேஸ் பூசுங்கள். நிழலுக்குக் கறுப்பு வேண்டாம், முகம் செத்துப்போகும்; கரும்பழுப்பில் ஒரு துளி ஊதா சேர்த்தால் தோல் உயிரோடு இருக்கும். வெளிச்சத்துக்கு வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூசிய மாதிரி ஆகும். காவியும் ஆரஞ்சும் சேர்த்து மூக்கு முனை, கன்ன எலும்பு, புருவ மேடு, கீழ் உதடு, இங்கே மட்டும் வைத்துப் பாருங்கள். இந்த ஊர் முகம் வெயிலில் எப்படி மின்னுமோ அப்படி மின்னும். இந்தக் கலவையைக் கண்டுபிடிக்க எனக்கு எட்டு முகங்கள் தேவைப்பட்டன.

கண் விஷயத்தில் மட்டும் நம் மரபுக்கு எதிர்த்திசை. சிற்பத்தில் கண் திறப்பது கடைசி வேலை. அம்மாவும் பொம்மைக்குக் கடைசியில்தான் கண் எழுதுவார். மினியேச்சரில் பேஸ் தோலுக்கு அடுத்து உடனே கண்ணை எழுதிவிடுவது நல்லது. வெள்ளைப் புள்ளி வைத்து, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. ஓரம் வழிந்தால் தோல் நிறத்தால் சுற்றிச் செதுக்கிவிடலாம். கடைசியில் எழுதி வழிந்தால், முடித்த முகம் முழுதும் போகும். முடியவில்லையா, இமைக்கு நடுவில் கரும்பழுப்புக் கோடு ஒன்று போதும். இந்த அளவில் அதுவே கண்ணாகத் தெரியும்.

அவள் எடுத்த முடிவு

அன்று சாயங்காலம் அவள் நான்கு வீரர்களில் குள்ளனை எடுத்தாள். தாடி, கவசம், ரோமப் போர்வை என்று மேடு பள்ளம் நிறைந்த உருவம், டிரை பிரஷ்ஷுக்கென்றே செய்தது போல. மாத்திரை டப்பாவின் மேல் இருபக்க டேப்பால் அவனை நிறுத்தினோம். உருவத்தைத் தொடாமல் டப்பாவைப் பிடித்துக்கொண்டு எந்தப் பக்கமும் திருப்பலாம். தூரிகையால் பிரைமர் பூசிவிட்டு விடுதிக்குப் போனாள். அடுத்த ஞாயிறு வந்து பேஸும் வாஷும் போட்டாள். தாடியில் வாஷ் இறங்கியபோது, "இன்னா மாமா இது, தானே வரையுது!" என்று கத்தியதில் அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

போர்வையில் வாஷ் தேங்கி ஒரு வட்டக் கறை விழுந்துவிட்டது. பேஸ் நிறத்தை மறுபடி தொட்டு அவளே மூடினாள். எங்கே இருந்தது என்று இப்போது தேடினாலும் தெரியாது.

அடித்தளத்துக்குப் பாலாற்று மணலை டீ வடிகட்டியில் சலித்து வைத்திருக்கிறேன். ஃபெவிகாலில் கொஞ்சம் தண்ணீர் கலந்து பூசி, மணலைத் தூவி, காய்ந்ததும் பழுப்பு, வாஷ், மேலே காவி டிரை பிரஷ். அதன் பிறகு மேட் வார்னிஷ், அதையும் தூரிகையால்தான் பூசப் போகிறோம். எலும்புக்கூடுகளுக்கு ஸ்பிரே கேன் ஆர்டர் போட்டாயிற்று. அது வந்ததும் ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு மொட்டை மாடியில் அடிப்பதாகப் பேச்சு. முந்தின இரவே வந்து தங்கிவிடு என்று சொல்லியிருக்கிறேன்.